வாய் திறக்கவில்லை, எச்சிலும் ஊறவில்லை

கேள்வி: அப்பாவுக்குக் கன்னத்தில் புற்றுநோய். அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது. எச்சில் இல்லை, ஜவ்வரிசிக் கஞ்சிதான் இறங்குகிறது. கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. பிடுங்கிவிடலாமா?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். கதிர் பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைவு. பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். வருடங்கள் கழிந்தாலும் இந்த ஆபத்து நீங்காது. தாடைக்கு எவ்வளவு கதிர் கொடுத்தார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு பல் மருத்துவரிடம் போங்கள்.

மெல்லும் தசை நாராக இறுகியதால்தான் வாய் திறக்கவில்லை. வாய் திறக்கும் அளவு 35 மி.மீ.க்குக் கீழே போனால் பயிற்சி தேவை. மருத்துவர் சம்மதித்தால், ஐஸ்கிரீம் மரக் குச்சிகளை அடுக்கி, ஆடாத பற்களுக்கு நடுவே வைத்து, 30 விநாடி இழுவை கொடுங்கள். வேளைக்கு 5 முறை, நாளைக்கு 5 வேளை. இழுப்பது தெரியவேண்டும், குத்தும் வலி கூடாது. பழகியபின் ஒரு குச்சி கூட்டலாம். விட்டுவிட்டால் மறுபடி இறுகும். திடீரென முன்னைவிட இறுகினால் உடனே மருத்துவரைப் பாருங்கள். நோய் திரும்பியதா என்று பார்த்தாக வேண்டும்.

ஜவ்வரிசி நம்மூர்ச் சரக்குதான், ஆனால் முழுக்க மாவுச்சத்து. பாலோ, அடித்த முட்டையோ சேர்த்துக் காய்ச்சுங்கள். எச்சில் இல்லாத வாயில் அந்தப் பசை பல்லில் ஒட்டிச் சொத்தையாக்கும். சாப்பிட்டதும் ஒரு கப் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, அரைக்கால் டீஸ்பூன் உப்பு கலந்து கொப்பளிக்கட்டும். ஃபுளோரைடு பற்பசை கட்டாயம்.