ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை: புது ரைசன் 7600 கணினி

அணைக்காமல் ஒரு 15 நிமிடம் அப்படியே விடுங்கள். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, மதர்போர்டில் டிரேம் விளக்கு (ரேமைக் குறிப்பது) மஞ்சளாக எரிகிறது, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்துவிடுகிறேன் என்கிறீர்கள். அந்த அவசரம்தான் கோளாறாக இருக்கும். ஏஎம்5 போர்டு (ரைசன் 7600 பொருந்தும் வகை) முதல் தடவை டிடிஆர்5 ரேமுக்கு மெமரி டிரெயினிங், அதாவது ரேமைச் சோதித்து அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வது, செய்யச் சில நிமிடம் எடுக்கும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து.

எச்டிஎம்ஐ கேபிளை மாற்றி மாற்றிச் சொருகுவதில் பயனில்லை. அந்த விளக்கு அணையும்வரை எதிலும் படம் வராது.

அப்படியும் வரவில்லையா?

1. பவர் கேபிளைக் கழற்றுங்கள். ஒரே ஒரு ரேமை மட்டும், ப்ராசஸர் பக்கமிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் வையுங்கள். பல போர்டுகளில் ஒரு முனையில்தான் கிளிப் இருக்கும். கிளிப் இல்லாத முனை பாதி ஏறி நிற்பது கண்ணுக்குத் தெரியாது. அங்கே கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள்.
2. சிமாஸ் கிளியர் (போர்டில் சேமித்த பயாஸ் அமைப்புகளை அழிப்பது) செய்துவிட்டு, பவர் கேபிளைச் சொருகி ஆன் செய்து மறுபடி காத்திருங்கள்.

டிரேம் விளக்குக்குப் பதில் சிபியு (ப்ராசஸர்) விளக்கு நிலையாக எரிந்தால் இதெல்லாம் பொருந்தாது. அப்போது போர்டின் மேல்மூலையில் உள்ள 8 பின் பவர் கேபிள் சரியாக ஏறியிருக்கிறதா என்றும், ப்ராசஸர் சாக்கெட்டில் ஊசி ஏதும் வளைந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.