வாசகர் கேள்வி-பதில்: சால்மனுக்கு மணிக்கணக்கில் தடை, நமக்கு ஏன் 61 நாள்?

கேள்வி: என் தம்பி விசைப்படகில் தொழிலுக்குப் போகிறான். அமெரிக்காவின் அலாஸ்காவில் சால்மன் மீன் வருகிற நேரத்தில் 'இன்றைக்கு வலை போடக்கூடாது' என்று மூடுவார்களாம், மறுநாளோ அதற்கடுத்த நாளோ திறந்தும் விடுவார்களாம். இங்கே ஜூன், ஜூலை இரண்டு மாதமும் படகு கரையில் கிடக்கிறது. நாமும் அப்படிச் செய்தால் என்ன?
– ஒரு வாசகி, குளச்சல்

பதில்: தம்பி கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் அது அந்த மீனின் குணத்தால் நடக்கிற காரியம். நம் சந்தையில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கிறார்களே, அது காலா மீன், அதற்கும் இதற்கும் உறவில்லை. அசல் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் சில வருடம் வளர்ந்து, முட்டையிடுவதற்குப் பிறந்த ஆற்றையே வாசனை பிடித்துத் தேடி வரும். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துவிடும், ஆக அதற்கு வாய்ப்பு ஒரே ஒரு தடவைதான். (நம் ஊர் விலாங்கு நேர்மாறு, ஆற்றிலும் குளத்திலும் வளர்ந்துவிட்டு முட்டையிடக் கடலுக்குப் போகும்.)

மணக்குடியில் பழையாறு கடலில் சேருகிற பொழிமுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கே சோறு போடுகிற மீன் மொத்தமும் சில வாரத்துக்குள் அந்த ஒரு வாய் வழியாக உள்ளே போயாக வேண்டும், வெளியே வரிசையாக வலை நிற்கிறது என்றால் என்ன ஆகும்? அதனால்தான் எண்ணுகிறார்கள். அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் விழும் ஆறுகளில் கரையோரம் கோபுரம் கட்டி, மணிக்குப் பத்து நிமிடம் ஒருவர் மேலே நின்றபடி, தெளிந்த தண்ணீரில் கடந்து போகிற மீனை ஒவ்வொன்றாக எண்ணுவார், இரவிலும் கூட. அதை 6-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு. கலங்கலாக ஓடுகிற ஆறுகளில் ஒலி அலையை வைத்து மீனை எண்ணுகிற சோனார் கருவி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆற்றிலும் இத்தனை மீன் மேலே ஏறியாக வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அது குறைந்தால் வலையை நிறுத்தச் சொல்வார்கள், போதுமான மீன் ஏறிவிட்டால் திறந்துவிடுவார்கள், அறிவிப்பு ரேடியோவில் வரும்.

நம் கடலில் அப்படி ஒரு வாசல் கிடையாது. சாளை, அயிலை, கணவாய், இறால் என்று ஒவ்வொன்றுக்கும் சினைக்காலம் வேறு, ஆனால் இழுவை மடி தரையோடு வாரும்போது எல்லாம் ஒன்றாகத்தான் வரும். போன வருடம் ஜூன் தொடக்கத்தில், விசைப்படகுத் தடைக்குள் வராத நாட்டு வள்ளக்காரர் ஒருவரிடம் சாளை வாங்கி வந்து வீட்டில் அறுத்தோம், கால் கிலோவில் பாதிக்கு மேல் வயிறு நிறையச் சினை. எதை, எங்கே நின்று எண்ணுவது என்று தெரியாத கடலில் நாட்காட்டியைப் பார்த்து மூடுவதைத் தவிர இப்போதைக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் தம்பியிடம் சொல்லுங்கள். அங்கே தடை என்றால் எப்போதும் ஓரிரு நாள் என்று இல்லை. கலிபோர்னியாவில் 2008, 2009 இரண்டு வருடமும் சால்மன் தொழிலை மூடினார்கள், அப்புறம் 2023, 2024, 2025 என்று மூன்று வருடம் தொடர்ந்து மூடினார்கள். அணைகளும் வறட்சியும் சேர்ந்து ஆற்றுத் தண்ணீர் குறைந்து சூடாகிவிட்டதுதான் பெரிய காரணம், படகுக்காரர் அதில் செய்த தப்பு என்ன இருக்கிறது? கனடாவிலிருந்து அலாஸ்கா வழியாக ஓடுகிற யூகான் ஆற்றில் அமெரிக்காவும் கனடாவும் 2024-இல் கையெழுத்துப் போட்டு, சினூக் என்கிற சால்மன் வகையை ஏழு வருடம் பிடிப்பதில்லை என்று நிறுத்தின. தலைமுறை தலைமுறையாக அதைப் புகை போட்டு உலர்த்திக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொண்ட பழங்குடி மக்களுக்கும் அந்தத் தடை உண்டு.

எனக்கு அங்கிருந்து வேண்டியது அந்த எண்ணுகிற பழக்கம். நம் இறங்குதளங்களில் எந்த வாரம் எந்த மீனில் சினை இருக்கிறது என்று கடலுக்குப் போகிறவர்களை வைத்தே தினமும் குறித்து வந்தால், 61 நாளை முன்னே தள்ளுவதா பின்னே தள்ளுவதா என்று கையில் கணக்கோடு பேசலாம். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயை வைத்து இரண்டு மாதம் ஒரு குடும்பம் ஓடாது, அதையும் அதே மேடையில் கேட்க வேண்டும்.

கேள்வி: சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை, குளச்சலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கேரளத்தில் 52 நாள்தான். மீனுக்கு எல்லை தெரியுமா?
– ஒரு வாசகர், சின்னமுட்டம்

பதில்: தெரியாது. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கிலும் குளச்சல் மேற்குக் கரைக் கணக்கிலும் வருவதால் ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தேதி. சால்மனுக்கும் இதே தொல்லைதான், கனடா ஆற்றில் பிறந்த மீன் அலாஸ்காக்காரர் வலையில் விழும், யார் எவ்வளவு பிடிப்பது என்று பல வருடம் சண்டை போட்டு 1985-இல் இரண்டு நாடும் ஒப்பந்தம் செய்தன. இரண்டு நாடுகளுக்கு முடிந்தது, பக்கத்துப் பக்கத்து மாநிலமான நமக்கும் கேரளத்துக்கும் முடியாதா? முதலில் குளச்சல், சின்னமுட்டம் சங்கத்துக்காரர்கள் ஒரே மேசையில் உட்காரட்டும், கேரளத்து நீண்டகரைத் துறைமுகக்காரர்களை அப்புறம் கூப்பிடலாம்.