14 வயதும் 10 வயதும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் 1900ஐ ஒட்டிய முற்போக்குக் காலச் சீர்திருத்தவாதிகளைச் சென்ற வாரக் கட்டுரையில் பேரரசுவாதிகள் என்று ஒரே வீச்சில் தள்ளிவிட்டீர்கள். இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் கொண்டுவந்த தலைமுறை அல்லவா? பிலிப்பைன்ஸைப் பிடித்து ஆண்டது அவர்களுடைய ஒரு சறுக்கல் என்று சொல்லலாமே. ஐரோப்பியர் செய்ததைவிட அது குறைவுதானே? இந்தக் காலத்தைப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

ஐரோப்பியர் கணக்கை விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரன் அதிகம் திருடினான் என்பதெல்லாம் ஒரு வாதமா? எல்லாரும் அப்படியில்லை என்பது மட்டும் சரி. சிகாகோவில் ஏழைகளுக்காக உழைத்த சீர்திருத்தவாதி ஜேன் ஆடம்ஸ் பேரரசுவாதத்தை எதிர்த்தார். அந்தத் திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் ‘சறுக்கல்’ என்றீர்களே, அந்தச் சொல் இரண்டு நாளாக உறுத்துகிறது.

ஆல்பர்ட் பெவரிட்ஜ் என்றொரு செனட்டர், இந்தியானாக்காரர். நீங்கள் மெச்சும் 1906ஆம் ஆண்டு இறைச்சிச் சட்டத்துக்காக மல்லுக்கட்டியவர் அவர்தான். 1907 ஜனவரியில் குழந்தைத் தொழிலாளர் மசோதாவுக்காக மூன்று நாள் பேசினார். ஆலைகளிலும் சுரங்கங்களிலும் தேய்ந்த பிள்ளைகளைப் பற்றிய சாட்சியங்களை ஒவ்வொன்றாகச் சபையில் படித்தார். 14 வயது நிறையாத பிள்ளைகளை வேலைக்கு வைக்கும் ஆலையின் சரக்கு மாநில எல்லை தாண்டக் கூடாது என்றது மசோதா. அது நிறைவேறவில்லை. அந்த உரையை இன்று படித்தாலும் தொண்டை அடைக்கிறது.

இதே மனிதர் 1898இல் என்ன சொன்னார்? ஒரு மக்களை அவர்கள் சம்மதமில்லாமல் ஆளலாமா என்ற கேள்விக்கு, செவ்விந்தியர்களை அப்படித்தான் ஆள்கிறோம், நம் குழந்தைகளையும் அப்படித்தான் ஆள்கிறோம் என்றார். பிலிப்பைன்ஸுக்கு நேரில் போய்விட்டு வந்து, 1900 ஜனவரியில் செனட்டில் சொன்னார்: அந்தத் தீவுகள் என்றென்றைக்கும் நம்முடையவை, அங்கே நாம் கையாள்வது குழந்தைகளை. அந்தக் ‘குழந்தைகள்’ அதற்கு ஓராண்டு முன்பே மாலோலோஸில் அரசியலமைப்பு எழுதிக் குடியரசு அறிவித்திருந்தார்கள்.

எங்கே ஐயா இதில் சறுக்கல்? இரண்டு இடத்திலும் ஒரே அப்பாதான் பேசுகிறார்.

எனக்கு இது தெரியும். இருபத்திரண்டு வயதில் அறிவொளி வகுப்பெடுத்தேன். ஒரு பெரியவர் வருவார், பனையேறி. உள்ளங்கை காய்த்துப்போய் விரலுக்குள் பலப்பம் நிற்காது. ஒருநாள் அவர் கையைப் பிடித்து ‘ட’ போடவைத்து, “சமத்து” என்றேன். பலப்பத்தைச் சிலேட்டின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். “எனக்குப் பேத்தி கல்யாணமே முடிஞ்சாச்சு தம்பி” என்றார். மறுநாள் முதல் வரவில்லை. நான் நல்லதுதான் செய்துகொண்டிருந்தேன். அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. என் கையில் சிலேட்டு மட்டும் இருந்தது, துப்பாக்கி இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

துப்பாக்கி இருந்த இடத்தையும் பாருங்கள். 1901இல் பிலிப்பைன்ஸின் சமார் தீவிலுள்ள பாலங்கிகாவில் 48 அமெரிக்கச் சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். ஆயுதம் ஏந்தக்கூடிய எவரையும் கொல்லுங்கள் என்று ஜெனரல் ஜேக்கப் ஸ்மித் உத்தரவிட்டார். எந்த வயதிலிருந்து என்று கீழதிகாரி கேட்டார். 10 என்று பதில் வந்தது. இராணுவ நீதிமன்றம் ஸ்மித்தைக் கண்டித்தது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

அமெரிக்க ஆலையில் 13 வயதுப் பையன் காப்பாற்றப்பட வேண்டிய குழந்தை. சமாரில் அதே வயதுப் பையன் எதிரி, அவன் அப்பன்தான் குழந்தை. கடிதத்தை எழுதி முடித்த பிறகு ஒரு தடவை திருப்பிப் படிக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? ‘சறுக்கல்’ என்ற இடத்தில் கை நின்றிருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைப் போல ஊன்றிப் படிப்பவர்களிடம்தான் எனக்கு இந்த உரிமை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். பெவரிட்ஜின் 1907 உரை, 1900 உரை இரண்டையும் ஒரே நாளில் படியுங்கள். 1907ஐ முதலில்.