பெரிய லாரியை வரையக் கற்றுக்கொள்வது எப்படி? நான் வரைந்தால் பொம்மை லாரி மாதிரியே வருகிறதே, ஏன்?

எனக்கும் இதே வியாதி இருந்தது. நான் முறையாக ஓவியம் படித்தவனில்லை. அக்கா மகன் "லாரி வரைஞ்சு குடு" என்று நச்சரித்ததில் ஆரம்பித்ததுதான். முதல் படத்தை நீட்டியதும், "இது சாவி குடுத்து ஓட்டுற லாரியா மாமா?" என்றான். நக்கலெல்லாம் இல்லை, நிஜமான சந்தேகம்.

அப்புறம் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. என் லாரியின் கூரை தெரிந்தது! கூரை தெரிய வேண்டுமானால் ஒன்று நான் மாடியில் நிற்க வேண்டும், அல்லது லாரி என் இடுப்பளவு இருக்க வேண்டும். பொம்மையைச் சின்ன வயதிலிருந்து மேலேயிருந்தே பார்த்துப் பழகியிருக்கிறோம், பென்சிலைப் பிடித்ததும் கை அந்தப் பழக்கத்துக்கே போய்விடுகிறது.

அதனால் இப்போதெல்லாம் லாரியை வரையத் தொடங்கும் முன்பே கண்மட்டக் கோட்டை, அதாவது பார்ப்பவரின் கண் உயரத்தைக் காட்டும் கோட்டை, போட்டுவிடுவேன். கனரக லாரியின் டயர் ஏறக்குறைய 1 மீட்டர் உயரம். நின்று பார்ப்பவரின் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் சொச்சத்தில் இருக்கும். ஆக, ஒன்றரை டயர் உயரத்தில் படுக்கையாக ஒரு கோடு. கண்டெய்னர் ஏற்றிய லாரி 4 மீட்டரைத் தொடும், அதாவது நாலு டயர் உயரம். பாதி வண்டிக்கு மேல் அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறது என்று அர்த்தம். கோட்டுக்கு மேலே இருக்கும் விளிம்புகள் தூரம் போகப் போகக் கீழே இறங்கும், கோட்டுக்குக் கீழே இருப்பவை மேலே ஏறும். கூரையின் விளிம்பு அப்படிச் சரிந்து இறங்கினால் போதும், பார்ப்பவர் தானாக அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஆகிவிடும். இது ஒன்றைச் சரிசெய்தாலே பாதி லாரி வந்துவிட்டது.

மற்ற அளவுகளுக்கும் டயரையே வைத்துக்கொள்ளுங்கள். அகலம் சுமார் இரண்டரை டயர். 40 அடி கண்டெய்னரின் நீளம் பன்னிரண்டு டயர். என் முதல் லாரியில் மொத்த உயரமே இரண்டரை டயர்தான், பிறகு எப்படி ஓடும்? சாவி கொடுத்தால்தான் ஓடும்.

பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் போகப் போகச் சிறுத்துக் காட்டும் முறை, அந்த விஷயத்தில் ஒன்றே ஒன்று: வண்டியின் நீளக் கோடுகளும் அகலக் கோடுகளும் தூரத்தில் கண்மட்டக் கோட்டில் போய்ச் சேரும் இரண்டு மறைபுள்ளிகளையும் தாளுக்குள் அடைக்காதீர்கள், வண்டி ஆப்பு மாதிரிக் கூம்பிவிடும். தாளை மேஜையில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, ஒரு புள்ளியையாவது மேஜை மேலேயே தள்ளி வைத்து, நீளமான நூலைப் பிடித்துக் கோடு போடலாம். கண்டெய்னரின் நடுவைக் கண்டுபிடிக்க ஸ்கேல் வேண்டாம். பக்கவாட்டுச் சட்டத்தில் மூலைக்கு மூலை இரண்டு கோடு போட்டால் அவை வெட்டும் இடம்தான் நடு.

இனி வீல். எனக்கு அதிகமான தாள் வீணானது இதில்தான். சாய்வாகப் பார்க்கும்போது வீல் நீள்வட்டமாகத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதைச் செங்குத்தாக நிறுத்திவிடுகிறோம். நீள்வட்டத்தின் குட்டையான குறுக்குக்கோடு ஆக்சில் (இரு பக்க வீல்களையும் இணைக்கும் தண்டு) போகிற திசையிலேயே போக வேண்டும். அதனால் வட்டம் லேசாகச் சாய்ந்துதான் நிற்கும். தப்பாகப் போட்டது போலத் தோன்றும், பயப்படாதீர்கள். முன்பக்க மூலையிலிருந்து பார்த்தால், பின்னால் போகப் போக வீல்கள் சிறுப்பதோடு இன்னும் ஒடுங்கவும் செய்யும்.

முன்வீலையும் பின்வீலையும் ஒரே மாதிரி போட்டுவிடாதீர்கள். முன்வீலின் நடுப்பகுதி வெளியே புடைத்திருக்கும். பின்னால் ஜோடி டயர் உள்ள வண்டிகளில் வெளிப்பக்க வீல் திருப்பி மாட்டியிருப்பதால் நடுவில் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். அந்தக் குழிக்குள் விழும் நிழலைப் போட்டதும் வண்டிக்கு எடை வந்துவிடுகிறது. நட்டுகளும் அப்படித்தான். பெரிய லாரிகளில் பெரும்பாலும் பத்து நட்டு இருக்கும். நீள்வட்டத்தின் ஒடுங்கிய மேல், கீழ் முனைகளில் அவை நெருங்கியும், இரு பக்கவாட்டிலும் தள்ளியும் தெரியும். சம இடைவெளியில் வைத்தால் பட்டன் தைத்த மாதிரி இருக்கும் (வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன்).

பெரிய உருவத்தைப் பெரிதாகக் காட்டுவது அதன்மேல் இருக்கும் சின்னச் சாமான்கள். கதவுக் கைப்பிடி, வைப்பர், கண்ணாடியைத் தாங்கும் கம்பி எல்லாம் நாம் நினைப்பதைவிடச் சிறியவை. கைப்பிடியைப் பெரிதாகப் போட்டால் கதவே சுருங்கிவிடும். மருமகன் மூன்றாவது படத்தைப் பார்த்து, "டிரைவர் எப்படி மேல ஏறுவாரு?" என்று கேட்டான். கேபினுக்கு ஏறும் படிகளை விட்டுவிட்டிருந்தேன்.

போட்டோ பார்த்து வரைவதானால், கிட்டே போய்ப் போனில் எடுத்ததை நம்பாதீர்கள். ஓரங்கள் இழுபட்டு, முன்பக்கம் மட்டும் ஊதிப் பெருத்திருக்கும். நன்றாகப் பின்னால் தள்ளி நின்று எடுங்கள்.

உடனே முழு லாரிக்குப் போக வேண்டாம். ஒரு வாரம் வீல் மட்டும், தரையைத் தொடும் இடத்தில் டயர் லேசாகத் தட்டையாகி, அதன் அடியில் கருப்பாக ஒரு நிழல் ஒட்டியிருக்கிற மாதிரி வரைந்து பாருங்கள். அந்த நிழல் இல்லாத வரைக்கும் என் லாரிகள் அந்தரத்தில்தான் மிதந்துகொண்டிருந்தன.