பட்டனை அழுத்தினால் திறக்கிறது, பாக்கெட்டில் வைத்தால் திறக்கவில்லையா?

கார் சாவியில் உள்ள பட்டனை அழுத்தினால் கதவு திறக்கிறது, பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தொட்டால் திறக்கவில்லை, ஸ்மார்ட் கீ (பாக்கெட்டிலிருந்து எடுக்காமலேயே வேலை செய்யும் சாவி) என்று சொல்லி வெறும் ரிமோட் சாவியை ஏமாற்றி விற்றுவிட்டார்களோ என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். அதே சாவி பாக்கெட்டில் இருக்கும்போது ஸ்டார்ட் பட்டனில் வண்டி கிளம்புகிறது என்றும் சொல்கிறீர்கள். அப்படியென்றால் அது ஸ்மார்ட் கீதான். வெறும் கீலெஸ் என்ட்ரியில் ரிமோட் கதவை மட்டும் திறக்கும், எஞ்சினுக்குச் சாவியைத் துளையில் போட்டுத் திருப்ப வேண்டும்.

பட்டன் அழுத்தும்போது பேசுவது சாவி. கைப்பிடியைத் தொட்டால் முதலில் பேசுவது கார்: சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு ரேடியோ அழைப்பு, ஒன்றிரண்டு மீட்டர்தான் எட்டும். சாவி அதைக் கேட்டுப் பதில் அனுப்பினால்தான் பூட்டு விடும். சாவியின் பேட்டரி சோர்ந்தாலோ, பக்கத்தில் செல்போன் ஒட்டிக்கொண்டிருந்தாலோ அந்த அழைப்பு காதில் விழாது.

முதலில் போனை வேறு பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். அப்புறம் பேட்டரி; பல சாவிகளில் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரிதான். அடுத்த பக்கக் கதவு மட்டும் சரியாகத் திறந்தால், பழுது இந்தக் கைப்பிடி சென்சாரில்.

பேட்டரி அடியோடு செத்தாலும் பயமில்லை. ஸ்மார்ட் கீக்கு உள்ளே ஒரு உலோகச் சாவி செருகியிருக்கும், அதில் கதவைத் திறங்கள். பெரும்பாலான மாடல்களில் ஸ்மார்ட் கீயை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் கிளம்பிவிடும். அதற்குள் இருக்கும் சிப்புக்கு வேண்டிய மின்சாரத்தைக் காரே காற்றில் ஊட்டும்.