குச்சிக்கிழங்கும் மைட்டோகாண்ட்ரியாவும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அரூர் பக்கம் ஒரு சிற்றூரில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) பயிரிடுகிறேன். கூடவே சில வெள்ளாடுகளும் வைத்திருக்கிறேன். கிழங்கு பிடுங்கிய அன்று வயலோரம் குவித்திருந்த பச்சைத் தழையை ஆடுகள் மேய்ந்துவிட்டன. இரண்டு ஆடுகள் சிறிது நேரத்திலேயே மூச்சு வாங்கித் துடித்துச் செத்தன. மற்றவற்றைக் கால்நடை மருத்துவர் ஊசி போட்டுக் காப்பாற்றினார். செத்த ஆட்டின் ரத்தம் செக்கச்செவேலென்று இருந்தது. அவர் அதைக் காட்டி, "ரத்தத்தில் ஆக்சிஜன் நிறையவே இருக்கிறது, மைட்டோகாண்ட்ரியாவால்தான் அதைப் பயன்படுத்த முடியாமல் போய்விட்டது" என்றார்.

பிளஸ் ஒன் படிக்கும் என் மகளிடம் கேட்டேன். மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம், அதற்கு இரண்டு சவ்வுகள், உட்சவ்வில் மடிப்புகள், ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏ.டி.பி. (செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறு) என்று மனப்பாடமாகச் சொன்னாள். ஏன் இரண்டு சவ்வுகள், ஏன் மடிப்புகள், இதற்கும் ஆடு செத்ததற்கும் என்ன தொடர்பு என்பது அவளுக்கும் தெரியவில்லை. ஒரு நூலில் 38 என்றும் இன்னொன்றில் 32 என்றும் இருக்கிறது, எது சரி? பிழைத்த ஆடுகளின் மைட்டோகாண்ட்ரியா பழுதடைந்திருக்குமா?

அன்புடன்,
க., அரூர்

அன்புள்ள க.,

உங்கள் மகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் உறுப்புகளைப் பெயர் பெயராகச் சொல்லிவிட்டு, அவை ஒன்றுக்கொன்று எதற்காகப் பொருந்தியிருக்கின்றன என்பதைச் சொல்லாமல் விட்டால் மனப்பாடம்தான் மிஞ்சும். உங்கள் ஆட்டுக்கு நேர்ந்ததைப் புரிந்துகொண்டால் அந்தப் பொருத்தம் தானாகவே விளங்கிவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாம் இழுக்கும் ஆக்சிஜன் உடலுக்குள் உணவை எரிக்கிறது என்றே பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில் குளுக்கோஸ் போன்ற உணவு சிதைக்கப்படும் படிகள் எவற்றிலும் ஆக்சிஜன் நேரடியாகக் கலந்துகொள்வதில்லை. குளுக்கோஸ் முதலில் செல்லின் உள்திரவமான சைட்டோபிளாசத்தில் பைருவேட் என்னும் இரண்டு சிறு மூலக்கூறுகளாக உடைகிறது. பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சென்று, ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் விளக்கிய சுழற்சியில் படிப்படியாகச் சிதைந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. அந்தச் சிதைவின்போது கழற்றப்படும் எலக்ட்ரான்களை என்.ஏ.டி.எச். போன்ற மூலக்கூறுகள் சுமந்து செல்கின்றன. ஆக்சிஜன் வருவது எல்லாவற்றுக்கும் கடைசியில். அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு நீராக மாறுவது மட்டுமே அங்கே அதன் வேலை. அந்த ஒரு வேலை நின்றுபோனால் ஏன் சில நிமிடங்களில் உயிர் போகிறது என்பதற்கு விடை, உங்கள் மகள் ஒப்பித்த சவ்வுகளிலும் மடிப்புகளிலும் இருக்கிறது.

வெளிச்சவ்வு பெரிய தடை ஒன்றும் அல்ல. அதில் போரின் என்னும் புரதங்களாலான துளைகள் இருப்பதால் சிறிய மூலக்கூறுகள் தாராளமாக வந்துபோகும். உட்சவ்வு அதற்கு நேர்மாறானது. மிகச் சிறிய புரோட்டான்கூட, அதாவது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் அணுகூட, அதற்கென அமைந்த புரத வழியின்றி அதைக் கடப்பது அரிது. உட்சவ்வுக்குள்ளே இருப்பது மேட்ரிக்ஸ். கிரெப்ஸ் சுழற்சி நடப்பது அங்கேதான். இரண்டு சவ்வுகளுக்கும் நடுவில் ஒரு குறுகிய இடைவெளி உண்டு. எலக்ட்ரான்கள் உட்சவ்வில் பதிந்துள்ள பெரிய புரதத் தொகுதிகளின் வழியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறிப் போகும்போது, அந்தத் தொகுதிகளில் மூன்று, மேட்ரிக்ஸிலிருந்து புரோட்டான்களை வெளியே இடைவெளிக்குள் தள்ளுகின்றன. மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியில் நீரேற்றுவது போன்ற வேலை இது. ஏறிய நீர் கீழே இறங்கும் குழாயில் ஒரு சக்கரத்தை வைத்தால் அது சுற்றும். தொட்டி ஒழுகினால் மோட்டார் ஓடியது வீண்.

இவ்வாறு தள்ளப்பட்ட புரோட்டான்களால் உட்சவ்வின் இருபுறமும் ஏறத்தாழ 150 முதல் 180 மில்லிவோல்ட் வரை மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் அந்தச் சவ்வின் கனம் ஐந்தாறு நானோமீட்டர்தான் என்பதை நினைவில் வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மீட்டருக்குச் சுமார் 3 கோடி வோல்ட் என்னும் அளவுக்கு மின்புலம் வருகிறது. உங்கள் ஆடு உயிரோடு இருந்த ஒவ்வொரு நொடியும் அதன் மூளையும் இதயமும் இந்த அழுத்தத்தை நம்பியே இயங்கின.

இதை முதலில் சொன்னவர் பீட்டர் மிட்செல் என்னும் ஆங்கிலேய உயிர்வேதியியலாளர்; ஆண்டு 1961. உணவின் ஆற்றல் ஏ.டி.பி.யாக மாறும் வழியில் ஏதோ ஓர் ஆற்றல் மிக்க இடைநிலை வேதிப்பொருள் இருக்க வேண்டும் என்று பல ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தபோது, அப்படியொரு பொருளே இல்லை, சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாடுதான் அந்த இடைநிலை என்றார் அவர். பலர் ஏற்கவில்லை. ஐயத்தைப் போக்கிய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1974-இல் ராக்கர், ஸ்டோக்கீனியஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் செய்தது. சோயா மொச்சையின் கொழுப்பால் செயற்கைச் சவ்வுப் பைகளைச் செய்து, உப்பு நீரில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்த, ஒளி பட்டால் புரோட்டானைத் தள்ளும் புரதத்தையும், மாட்டின் இதய மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து எடுத்த, ஏ.டி.பி.யைச் செய்யும் ஏ.டி.பி. சிந்தேஸ் என்னும் நொதியையும் அதில் பதித்தார்கள். ஒளியைக் காட்டியதும் ஏ.டி.பி. உருவானது. வாழ்க்கையில் ஒருபோதும் சந்தித்திராத அந்த இரண்டு புரதங்களுக்கும் இடையே பொதுவாக இருந்தவை மூடிய சவ்வும் புரோட்டான் வேறுபாடும்தான். மிட்செலுக்கு 1978-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த சிந்தேஸ் நொதி உண்மையிலேயே சுழலும் ஓர் இயந்திரம். புரோட்டான்கள் அதன் வழியே மேட்ரிக்ஸுக்குத் திரும்பும்போது அதன் அடிப்பகுதி வளையம் சுற்றுகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. உருவாகின்றன. இதன் செயல்முறையை விளக்கியதற்காகப் பால் பாயரும் ஜான் வாக்கரும் 1997-இல் நோபல் பெற்றவர்களுள் அடங்குவர்.

மடிப்புகளைப் பற்றிய கேள்விக்கு இப்போது எளிதாக விடை சொல்லலாம். எலக்ட்ரானைக் கடத்தும் தொகுதிகளும் சிந்தேஸும் சவ்வில் பதிந்திருந்தால்தான் வேலை செய்யும் என்பதால், சவ்வின் பரப்பு கூடக் கூட உற்பத்தியும் கூடும். கல்லீரல் செல்லில் உட்சவ்வின் பரப்பு வெளிச்சவ்வைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு. ஓயாமல் துடிக்கும் இதயத்தில் மடிப்புகள் இன்னும் நெருக்கமானவை. பாடநூல் படத்தில் கிரிஸ்டே எனப்படும் இந்த மடிப்புகள் சுவரிலிருந்து அகலமாக நீண்ட அலமாரித் தட்டுகள் போல வரையப்பட்டிருக்கும். 1950-களின் தொடக்கத்தில் பலாடே என்னும் ஆய்வாளர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டதிலிருந்து வந்த படம் அது. பிற்காலத்தில் முப்பரிமாணமாகப் பார்த்தபோது, ஒவ்வொரு மடிப்பும் மிகக் குறுகிய கழுத்து வழியாகவே உட்சவ்வின் மற்றப் பகுதியோடு இணைந்திருப்பது தெரியவந்தது. சிந்தேஸ் நொதிகள் இரண்டிரண்டாக இணைந்து மடிப்பின் விளிம்பில் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. சவ்வை அங்கே வளைத்துப் பிடித்திருப்பதில் அவற்றுக்கும் பங்குண்டு. பாடநூலில் மைட்டோகாண்ட்ரியாவுக்குக் காட்டும் அவரை விதை வடிவமும் ஒரு வசதிக்கான படம்தான். உயிருள்ள செல்லில் மைட்டோகாண்ட்ரியா நூலாக நீள்வதும், ஒன்றோடொன்று சேர்வதும், மீண்டும் பிரிவதுமாக இருக்கின்றன.

இனி குச்சிக்கிழங்கு. அதன் இலையிலும் கிழங்கின் தோலிலும் லினமாரின் என்னும் பொருள் மிகுதி. இலை முழுதாக இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. அதைச் சிதைக்கும் நொதி வேறிடத்தில் தனியாக இருக்கிறது. ஆடு மென்றதும் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகளும் அதை விரைவுபடுத்துகின்றன. ரத்தத்தில் கலந்த சயனைடு, எலக்ட்ரான் கடத்தும் சங்கிலியின் கடைசித் தொகுதியில், ஆக்சிஜன் வந்து அமர வேண்டிய அதே இரும்பணுவில் போய்ப் பற்றிக்கொள்கிறது. கடைசியில் வாங்குவார் இல்லாததால் சங்கிலி முழுவதிலும் எலக்ட்ரான்கள் தேங்கி நிற்கின்றன, புரோட்டான்களைத் தள்ளும் வேலை நிற்கிறது, மின்னழுத்தம் சரிகிறது, சிந்தேஸ் ஏ.டி.பி. செய்வதை நிறுத்துகிறது. சைட்டோபிளாசத்தில் ஒரு குளுக்கோஸுக்குக் கிடைக்கும் இரண்டு ஏ.டி.பி.யை வைத்துக்கொண்டு மூளையால் தாக்குப்பிடிக்க முடியாது. நுரையீரலும் ரத்தமும் தம் வேலையைச் சரியாகவே செய்தன. ஆடு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியதில் பயன் இல்லாமல் போனது, காற்று கிடைக்காததால் அல்ல, வந்த ஆக்சிஜனை வாங்கும் இடம் அடைபட்டிருந்ததால்.

ரத்தத்தின் நிறத்துக்கும் இதுவே காரணம். வழக்கமாக உறுப்புகளைக் கடந்து திரும்பும் ரத்தம் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுக் கருஞ்சிவப்பாக வரும். உங்கள் ஆட்டில் எந்த உறுப்பும் எடுத்துக்கொள்ளாததால் சிரை ரத்தமும் தமனி ரத்தம் போலச் செந்நிறமாகவே திரும்பியது. ரத்தச் சிவப்பணுக்களில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது என்பதையும் உங்கள் மகள் இங்கே கவனிக்கலாம். அவை தாம் சுமக்கும் ஆக்சிஜனைத் தாமே பயன்படுத்துவதில்லை.

38-க்கு வருகிறேன். ஒரு என்.ஏ.டி.எச். மூன்று ஏ.டி.பி. தரும் என்று முழு எண்ணாகக் கொண்ட பழைய கணக்கு அது. வேதிவினையில் முழு எண்தான் வரும் என்று எதிர்பார்த்தவர்கள் போட்ட கணக்கு என்றும் சொல்லலாம். நடுவில் இருப்பது ஒரு மின்னழுத்தம் என்றான பிறகு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு என்.ஏ.டி.எச்.ஸின் எலக்ட்ரான்கள் சுமார் 10 புரோட்டான்களைத் தள்ளுகின்றன, ஓர் ஏ.டி.பி. செய்து வெளியே அனுப்பச் சுமார் 4 புரோட்டான்கள் செலவாகின்றன, ஆகவே 2.5. இந்த அடிப்படையில் ஒரு குளுக்கோஸுக்கு 30 அல்லது 32 வரும். சவ்வில் எப்போதும் சிறிது கசிவு உண்டு என்பதால் உடலில் அதுவும் முழுதாகக் கிடைப்பதில்லை. தேர்வில் அவளுடைய பாடநூலில் உள்ளதை எழுதட்டும். புரிதலுக்கு 32-ஐ வைத்துக்கொள்ளட்டும்.

கசிவு எல்லா இடத்திலும் குறைபாடு அல்ல. ஓசூர்ப் பக்கத்து மார்கழிக் குளிரில் பிறக்கும் செம்மறிக் குட்டிக்கும், மனிதக் குழந்தைக்கும், பழுப்புக் கொழுப்பு என்னும் திசு உண்டு. அங்குள்ள உட்சவ்வில் ஒரு புரதம் புரோட்டான்களை வேண்டுமென்றே திரும்ப விடுகிறது, ஏ.டி.பி.க்குப் பதில் வெப்பம் கிடைக்கிறது.

இரண்டு சவ்வுகள் ஏன் என்பதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வேறொரு செல்லுக்குள் குடிபுகுந்த பாக்டீரியாவின் வழித்தோன்றல்களே மைட்டோகாண்ட்ரியா. உயிரியலாளர் லின் மார்குலிஸ் 1967-இல் இதை வலியுறுத்தி எழுதினார். இவ்வகைப் பாக்டீரியாக்களுக்கும் இரண்டு சவ்வுகள் உண்டு; மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வுத் துளைப் புரதங்களும் அவற்றின் துளைப் புரதங்களும் அமைப்பில் ஒத்திருக்கின்றன. பழைய டி.என்.ஏ.வில் ஒரு சிறு துண்டு இன்றும் மிஞ்சியிருக்கிறது. மனிதரில் அது 16,569 கார இணைகள், 37 மரபணுக்கள். தாய்வழியே மட்டும் வருவது. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான ஆயிரத்துக்கும் மேற்பட்ட மற்றப் புரதங்களுக்கான மரபணுக்கள் உட்கருவில் உள்ளன.  

பிழைத்த ஆடுகளைப் பற்றி அஞ்ச வேண்டாம். சயனைடு அந்த இரும்பில் நிரந்தரமாக ஒட்டுவதில்லை. என்ன ஊசி என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கமாகத் தரப்படுபவை சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும். முன்னது ஹீமோகுளோபினில் ஒரு பகுதியை மாற்றி, சயனைடைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும்படி செய்கிறது. பின்னது கந்தகம் தருகிறது. ரோடனீஸ் என்னும் நொதி அந்தக் கந்தகத்தைச் சயனைடோடு சேர்த்து, நஞ்சு குறைந்த தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற விடுகிறது. அந்த நொதி இருப்பதும் மைட்டோகாண்ட்ரியாவில்தான், கல்லீரலில் மிகுதியாக. மேய்ச்சலும் நடையும் பழையபடி இருக்கும் ஆட்டில் பழுது எதுவும் தங்கியிருக்காது.

பச்சைத் தழையை இனிப் போட வேண்டாம். நறுக்கி நன்றாகக் காயவைத்தால் சயனைடின் பெரும்பகுதி போய்விடும். மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளத்திலும் இதே ஆபத்து உண்டு. ஒன்றும் ஆகவில்லையே என்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாகக் கொடுப்பதும் நல்லதல்ல. அப்படிச் சேரும் தயோசயனேட், தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். சினையாடுகள் இருந்தால் குட்டிக்கும் அது கேடு.