பிள்ளைகளோடு முதல் பனிச்சறுக்குப் பயணம்: கோலாலம்பூரிலிருந்து என்னென்ன எடுத்துப்போவது?

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் 5 வயது மகளையும் 9 வயது மகனையும் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவுக்குக் கூட்டிப்போகிறோம், நால்வருக்கும் சேர்த்து இரண்டே பெட்டி, எதை வாங்குவது எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறோம். பிள்ளைகளை அங்குள்ள பனிச்சறுக்கு ஊரான நிசெக்கோவுக்குக் கூட்டிப்போன அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: காசும் இடமும் முதலில் பிள்ளைகளின் கைக்கும் காலுக்கும் போகட்டும். ஜாக்கெட்டெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இங்கே எல்லாரும் தடிமனான ஜாக்கெட்டைத் தேடித்தான் அலைகிறார்கள். ஆனால் சறுக்கும்போது பிள்ளைகள் விழுந்து எழுந்து ஓடிக்கொண்டே இருப்பதால் உடம்பு தானாகவே சூடாகிவிடும். கை நனைந்தால்தான் வம்பு. மலைமேல் கொண்டுபோகும் தொங்கு நாற்காலி லிஃப்டில் ஏறி இறங்கும் இடத்தில் மைனஸ் 10 டிகிரி வரை போகும். அங்கே ஈரக் கையுறையோடு நின்றால் கொஞ்ச நேரத்திலேயே "அம்மா, விரல் வலிக்குது" என்று அழ ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் அன்றைக்கு யாருக்கும் சறுக்கல் கிடையாது.

அதனால் ஆளுக்கு இரண்டு ஜோடி கையுறை வாங்குங்கள். நீர் புகாததாக இருக்க வேண்டும். சின்னவளுக்கு ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள கையுறை வேண்டாம். நான்கு விரலும் ஒன்றாகப் போகும் மிட்டன்தான் சூடு காக்கும், போட்டுவிடவும் சுலபம். மணிக்கட்டைத் தாண்டி முழங்கைப் பக்கம் ஏறும் நீளமானதாகப் பாருங்கள். இரண்டு மிட்டனையும் ஓர் எலாஸ்டிக் கயிற்றால் இணைத்து ஜாக்கெட் கைக்குள் விட்டு எடுத்தால், லிஃப்டில் போகும்போது கழற்றினாலும் கீழே விழாது. கையுறை பெரும்பாலும் வாடகைக்குக் கிடைக்காது என்பதால் இங்கிருந்தே கொண்டுபோய்விடுங்கள். டெக்கத்லான் விளையாட்டுப் பொருள் கடையில் பிள்ளைகள் அளவு கிடைக்கிறது.

காலுறை விஷயத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் "ரெண்டு போட்டுவிடு, குளிரும்" என்பார்கள். கேட்காதீர்கள். சறுக்குக் காலணி இறுக்கமானது. உள்ளே இரண்டு காலுறை போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் ஜில்லிட்டுப்போகும். முழங்கால் வரை வரும் மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்று போதும். காலணி மாட்டும்முன் அதை நன்றாக மேலே இழுத்து, குதிகாலில் ஒரு மடிப்புகூட இல்லாமல் விரலால் தடவிப் பாருங்கள். அந்த ஒரு மடிப்பு மதியத்துக்குள் கொப்புளமாகிவிடும். உள்ளே போடும் தெர்மல் பேண்ட்டின் விளிம்பும் காலணிக்குள் போகக் கூடாது.

உள்ளே போடும் தெர்மல் உடுப்பு பருத்தியாக இருக்கவே கூடாது. வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைத்துவிடும். மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ ஆளுக்கு இரண்டு செட் எடுங்கள். மேலே மெத்தென்ற ஃப்ளீஸ் சட்டை ஒன்று. கழுத்துக்குச் சால்வை வேண்டாம், லிஃப்டில் மாட்டிக்கொள்ளும். தலைவழியாக மாட்டும் கழுத்துறை நல்லது.

ஜாக்கெட், பேண்ட், ஹெல்மெட், சறுக்குப் பலகை, காலணி எல்லாம் அங்கேயே வாடகைக்கு எடுங்கள். அடுத்த வருஷம் பிள்ளைகளுக்குச் சேராத ஜாக்கெட்டுக்கு எதற்கு அத்தனை ரிங்கிட்? வாங்கத்தான் வேண்டும் என்றால் முதலில் பண்டல் கடைகளைப் பாருங்கள். ஜப்பான், கொரியாவிலிருந்து வரும் பழைய குளிர் உடுப்புகள் அங்கே நல்ல நிலையில் கிடைக்கும். முன்பதிவு செய்யும்போது உயரம், எடை, காலின் நீளம் மூன்றையும் கேட்பார்கள். ஜப்பானில் காலணி அளவு சென்டிமீட்டரில் இருக்கும், அதனால் வீட்டிலேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். விழும்போது பலகை காலைவிட்டுக் கழன்றுகொள்ள வேண்டும், அதற்கான திருகை எடையையும் வைத்துத்தான் சரிசெய்கிறார்கள்.

சாப்பாட்டு விஷயம். இறைச்சி கலந்த எதையும் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. பாட்டி ஆசையாகச் செய்துதரும் ஆட்டிறைச்சி வறுவல், கடையில் வாங்கும் செருண்டிங் (உதிரி இறைச்சித் தூவல்) எதுவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையும் பழங்களும்கூட கூடாது. புளிக்காய்ச்சல், ஊறுகாய், மைலோ பாக்கெட் தாராளமாக எடுக்கலாம். குட்டி ரைஸ் குக்கரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நம் 240 வோல்ட் குக்கர் அங்குள்ள 100 வோல்ட்டில் சோறு வேகவைக்காது.

ஹீட்டர் ஓடும் அறையில் காற்று காய்ந்துபோயிருக்கும். நம் பிள்ளைகள் புழுக்கத்திலேயே வளர்ந்தவர்கள், சிலருக்கு மூக்கில் ரத்தம் வரும். படுக்கும்முன் மூக்கு ஓரத்தில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் அந்தக் குளிரில் கல்லாக உறைந்துவிடும். சன்ஸ்கிரீனை மறக்காதீர்கள், புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை முகத்துக்கே திருப்பி அனுப்பும். கண்ணுக்குப் போடும் சறுக்குக் கண்ணாடியும் (காகிள்ஸ்) அதற்காகத்தான்.

விமானத்தில் 7 கிலோ கைப்பைக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு தெர்மல் செட், கையுறை, தொப்பி இருக்கட்டும். இறங்கும்முன் கழிப்பறையில் மாற்றிவிடலாம். ஹொக்கைடோவின் நியூ சித்தோசே விமான நிலையத்திலிருந்து நிசெக்கோவுக்குப் பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரம். டிசம்பரில் அங்கே மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். பெட்டியைத் திறந்து தேட வசதிப்படாது.

கடைசியாக, பயணக் காப்புறுதி. சாதாரணப் பாலிசிகள் பல பனிச்சறுக்கைச் சேர்ப்பதில்லை. பிள்ளைகளுக்கும் சேர்த்து அது அடங்குமா என்று எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.